தாங்கும் என்று ஒரு சொல்

அந்தத் தொழிற்கூடத்தில் துடைப்பக்காரர் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். எங்கே போனாலும் நீளமான ஒரு துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் போவார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கூட்டிப் பெருக்க வந்த ஆள் என்றே நினைப்பார்கள். ஒரு முறை சரக்கு வண்டி ஓட்டி வந்தவர், வாசலில் மரத்தூள் சிந்திக் கிடக்கிறது, தள்ளிவிடுங்கள் என்று அதட்டினார். இது என் வேலை இல்லை என்று சொல்லப் பயந்துகொண்டு இவரும் மளமளவென்று கூட்டித் தள்ளிவிட்டு வந்தார். அன்றோடு அந்தப் பெயர் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது.

அவருடைய வேலை கசிவு பார்ப்பது. தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, ஹைட்ரஜனை ஒரு பக்கமும் ஆக்சிஜனை மறுபக்கமும் பிரித்தெடுக்கிற எந்திரம் அங்கே இருந்தது. ஹைட்ரஜன் பொல்லாத வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தீப்பிடித்தால்கூடப் பட்டப்பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிகிற இடத்துக்குள் ஒருவர் தெரியாமலே கையை வீசிக்கொண்டு நடந்து போய்விடலாம். அதற்காகச் சுவரெல்லாம் கருவிகள் மாட்டியிருந்தார்கள். ஆனால் கருவிக்குப் பயம் கிடையாதே, பயமில்லாத ஒன்றை நம்பி எப்படி நடப்பது என்பது இவர் கட்சி. துடைப்பத்தை நீட்டிக்கொண்டு போனால் முதலில் துடைப்பம்தான் பற்றும். அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் செய்தார்கள் என்று பயிற்சி வகுப்பில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். இவர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்த் துடைப்பம் வாங்கிவிட்டார்.

பயம் அவருக்கு நடுவில் வந்ததல்ல, கூடப் பிறந்தது. கூடப் பிறந்த இன்னொன்று அக்கா. அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அக்காதான் தையல் எந்திரத்தை மிதித்து மிதித்துத் தம்பியை ஆளாக்கினார். இருட்டு, நாய், இடி, கணக்கு வாத்தியார் என்று சின்ன வயதில் அவர் பயப்படாத பொருளே இல்லை. கூட்டமும் பயம், கூட்டம் கலைந்து தனியாக நிற்பதும் பயம். சின்னப் பயமாக இருந்தால் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பார். பெரிய பயம் வந்துவிட்டால் பேச்சு நின்றுபோகும். வலது கையால் இடது கைச் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்த பதில் ஒன்றுதான், "தெரியல." அக்காவிடம் இருந்த பதிலும் ஒன்றுதான், "பாத்துக்கலாம்."

கல்யாணப் பேச்சு எடுத்தபோது, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். தெரியல என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. மின்சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்விட்சைத் தொட ஒரு குச்சியை வைத்துக்கொண்டு திரிந்ததால் அவர்களே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சமையல் வாயு சிலிண்டர் கிடங்கு ஒன்றில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஒரு தரம் பார்த்தால் இவர் மூன்று தரம் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறான் என்று மேலாளர் பாராட்டினார். அவருடைய பயத்துக்கு முதன்முதலாகச் சம்பளம் கிடைத்தது அங்கேதான். அங்கிருந்துதான் இந்த ஹைட்ரஜன் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது.

இதற்குள் அக்காவின் கணவரும் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில், முன்னறையில் ஒருவர், பின்னறையில் ஒருவர் என்று இருந்தார்கள். அக்காவுக்குக் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு தையல் கடை. சின்னதுதான் என்றாலும் அது அவருடைய வாழ்நாள் உழைப்பு.

கம்பெனியின் உயிர்நாடி ஒரு ஜவ்வு. எந்திரத்துக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் நிற்கிற மெல்லிய தாள் அது. தடிமனாக இருந்தால் மின்சாரம் வீணாகும், மெல்லிசாக இருந்தால் மிச்சமாகும். உலகத்தில் யாரும் செய்யாத அளவுக்கு மெல்லிசாக நாங்கள் செய்கிறோம் என்பதுதான் முதலாளியின் பேச்சு. இதே ஜவ்வைத் திருப்பி வேலை வாங்கினால், ஹைட்ரஜனையும் காற்றையும் சேர்த்து மின்சாரம் எடுத்து வண்டி ஓட்டலாம் என்பார். நாற்பதைத் தாண்டாத மனிதர். பேச ஆரம்பித்தால் லாரியும் கப்பலும் இரும்பு ஆலையும் தண்ணீரிலேயே ஓடுகிற காட்சி கேட்கிறவர் கண் முன்னால் வந்து நின்றுவிடும். புளுகுகிறவர் அல்ல. தான் சொல்வதை எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர் அவர்தான். தன் வீட்டையும் அதில் போட்டிருந்தார்.

புதிதாக ஒரு தாள் தயாரானால் முதலில் துடைப்பக்காரர் மேசைக்குத்தான் வரும். சட்டத்தில் இறுக்கி, ஒரு பக்கம் வாயுவை அழுத்தத்தோடு நிறுத்தி, மறுபக்கத்துக் குழாயைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டுவைப்பார். ஜவ்வில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தம்ளரில் குமிழி வரும். குமிழி வந்தால் "கசியுது" என்பார். வராவிட்டால் "தாங்கும்" என்பார். அந்த இடத்தில் தாங்கும் என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்: இந்தத் தாள், இந்தச் சட்டத்தில், இந்த அழுத்தத்தில், இன்றைக்கு. நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் அவர் பழையபடி தெரியல என்றுதான் சொல்லுவார்.

வினை ஒரு விடுமுறை நாளில் வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினியரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். எந்திரத்தின் பொறுப்பு முழுக்க அவருடையது. சுறுசுறுப்பான பெண், இவரை அண்ணே என்றுதான் அழைப்பார். அதுவரை செய்ததிலேயே மெல்லிசான தாள் ஒன்று முந்தின நாள் முழுக்கத் துடைப்பக்காரரின் சட்டத்தில் இருந்தது. அதை மறுநாள் எந்திரத்தில் மாட்டலாமா, தாங்குமா என்று கேட்டார். முந்தின நாள் முழுக்கத் தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர். ஒரு குமிழிகூட வரவில்லை. வாயில் சோறு இருந்ததால் விளக்கமெல்லாம் சொல்ல முடியவில்லை.

"தாங்கும் மேடம். தாராளமா தாங்கும்," என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. தம்பி பிறந்ததிலிருந்து அவர் வாயில் உறுதியாக ஒரு சொல் வந்து அக்கா கேட்டதே இல்லை. மழை கொட்டுகிற நேரத்தில் மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட அப்படித்தான் இருக்கிறது என்று இழுக்கிற ஆள். அவன் வாயில் தாங்கும் வருகிறது, அதற்கு முன்னால் ஒரு தாராளமாவும் வருகிறது. கம்பெனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டார். வேலை செய்கிறவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கம்பெனியில் பங்கு வாங்கலாம் என்று அந்த மாதம்தான் முதலாளி அறிவித்திருந்தார். ஊர் முழுக்கத் தைரியசாலிகள் தாங்கும் என்று சொன்னால் அக்கா காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். பயந்தாங்கொள்ளி சொல்கிறான் என்பதால்தான் நம்பினார்.

தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயந்து குழப்புவான் என்று தெரியும். கடையை விற்று, ஒரே ஒரு தையல் எந்திரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் கம்பெனிப் பங்காக மாற்றிவிட்டார்.

முன்னறையில் தையல் எந்திரத்தைப் பார்த்த அன்றுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, தான் அன்று சொன்னது ஜவ்வைப் பற்றி, கம்பெனியைப் பற்றி இல்லை என்று விளக்கினார்.

அக்கா சிரித்தார். "ஏண்டா, ஜவ்வுதானே கம்பெனி? அது தாங்கினா இது தாங்காதா?"

"தெரியலக்கா."

"பாத்துக்கலாம் விடு."

அக்கா சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. அன்றிலிருந்து அந்தச் சின்னத் தம்ளரில் அக்காவின் கடையே மிதப்பது போல அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. குமிழி வந்தால் கடை போச்சு. சோப்புத் தண்ணீர் தடவுகிற இடத்தையெல்லாம் இன்னொரு முறை தடவினார். எந்திரம் ஓடும்போது அதன் அருகிலேயே நின்றார். அருகில் சுவரில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு; அமுக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்பது விதி. இவர் ஒருவர்தான் அமுக்கினார். ஒரு முறை தேநீர் கொதித்த ஆவியைப் பார்த்து அமுக்கினார், ஒரு முறை பக்கத்து அறையில் பலூன் வெடித்ததற்கு அமுக்கினார். ஒவ்வொரு முறையும் எந்திரத்தைத் திரும்பக் கிளப்ப அரை நாள் ஆகும். இன்ஜினியரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை அண்ணே என்பார்.

முதலீட்டாளர்கள் வந்தார்கள், போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் அருமை என்றார்கள், கையைக் குலுக்கினார்கள், மாதிரித் தாள் ஒன்றை உறையில் போட்டு வாங்கிப் போனார்கள். பிறகு பதிலே இருக்காது. உலகமே ஹைட்ரஜன் ஹைட்ரஜன் என்று ஆடிய வேகம் அடங்கிக்கொண்டிருந்தது. ஜவ்வுக் கம்பெனியின் பாடும் ஜவ்வு மாதிரியே இழுத்துக்கொண்டு போனது. சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. கேன்டீனில் பால் நின்றது. முதலாளி தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தியபோது, நிலைமை எங்கே வந்து நிற்கிறது என்று தொழிற்கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. பேசும்போது அவர் முகம் மட்டும் முன்போலவே பிரகாசமாக இருக்கும்.

கடைசியாக முதலீட்டாளர்கள் கூட்டம் ஒன்று வரப்போவதாகத் தெரிந்தது. பெரிய இடம். இவர்கள் கை கொடுத்தால் கம்பெனி நிமிர்ந்துவிடும். இல்லாவிட்டால் கதவை மூட வேண்டியதுதான் என்று முதலாளியே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். சின்னச் சின்னப் பங்குதாரர்களையும் அன்றைக்கு வரச் சொன்னார். நம்மை நம்பியவர்கள் எத்தனை பேர் என்று வருகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் யோசனை. அக்காவுக்கும் அழைப்பு வந்தது. நல்ல சேலையாக எடுத்து இஸ்திரி போட்டார்.

அன்று காலை முதலாளி துடைப்பக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. தோளில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் அந்தத் துடைப்பம் வேணாம். அந்தப் பொத்தான்லயும் கை வைக்காதீங்க. உங்க அக்காவும் இதுலதான் இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

இவர் தலையை ஆட்டினார். உள்ளே போனபோது இன்ஜினியரம்மா திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜனில் ஹைட்ரஜன் நூற்றுக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டுகிற எண் அந்தத் திரையில் ஓடும். வழக்கமாக அது ஒன்றைத் தாண்டாது. இரண்டைத் தொட்டால் எந்திரம் தானாகவே நின்றுவிடும்படி வைத்திருந்தார்கள். நான்கைத் தொட்டால் ஒரு பொறி போதும், அறையே மிஞ்சாது. அந்த இரண்டை அன்றைக்கு மட்டும் மூன்றாக மாற்றியிருந்தார்கள். யார் மாற்றச் சொன்னது என்று இவர் கேட்கவில்லை. நடுவில் தேவையில்லாமல் நின்றுவிடக் கூடாது அண்ணே, மூன்றுகூடப் பத்திரம்தான் என்று இன்ஜினியரம்மா கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

வந்தவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர்தான் மூத்தவர். அதிகம் பேசாத மனிதர், ஆனால் எதையும் விடாமல் பார்த்தார். முதலாளி மாதிரித் தாள் ஒன்றை எல்லார் கைக்கும் கொடுத்தார். சுற்றி வந்த தாள் அக்கா கைக்கும் வந்தது. அக்கா அதை விரலிடுக்கில் வைத்து, துணியைத் தேய்த்துப் பார்ப்பது போலத் தேய்த்துப் பார்த்தார்.

"இவ்வளவு மெல்லிசா இருக்கே, இதுக்கு லைனிங் கொடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் அம்மா எங்கள் ரகசியமே, லைனிங் இல்லாமல் தைக்கிறோம் என்றார் முதலாளி. நரைத்த தலைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முதலாளிக்குப் பாதி உயிர் வந்தது. துடைப்பக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் துடைப்பம் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா எந்திரத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முன்வரிசைக்குப் போய் நின்றதை அவர் கண்டார்.

எந்திரம் ஓடியது. முழு வேகத்தில் அழகாகவே ஓடியது. எண் ஒன்றுக்குக் கீழே நின்றது. முதலாளி பேச்சிலேயே லாரியையும் கப்பலையும் ஓட்டி முடித்தார். வந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அப்போது நரைத்த தலைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இது சூரிய மின்சாரத்தில் ஓடப்போகிறது என்றால், மேகம் மறைத்தால் என்ன ஆகும், கொஞ்சம் குறைத்து ஓட்டிக் காட்ட முடியுமா என்றார். நியாயமான கேள்வி.

முதலாளி இன்ஜினியரம்மாவைப் பார்த்தார். இன்ஜினியரம்மா மின்சாரத்தைக் குறைத்தார்.

விவரம் தெரியாதவர்களுக்கு, வேகமாக ஓடும்போதுதான் ஆபத்து என்று தோன்றும். இந்த எந்திரத்தில் அது தலைகீழ். மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் கொஞ்சமாகத்தான் உண்டாகும். ஆனால் மெல்லிய ஜவ்வு வழியே ஹைட்ரஜன் நழுவி வருவது மட்டும் குறையாது. அதனால் கலப்பு ஏறும். இன்ஜினியரம்மாவுக்கும் இது தெரியும். முன்பே குறைத்து ஓட்டிப் பார்த்தவர்தான், அப்போது ஒன்றரையோடு நின்றது.

இந்த முறை ஒன்றரையில் நிற்கவில்லை. திரையில் எண் நகர்ந்தது. ஒன்று புள்ளி எட்டு. ஒன்று ஒன்பது. இரண்டைத் தொட்டது, தாண்டியது. பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் எந்திரம் இந்நேரம் நின்றிருக்கும். இன்ஜினியரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். முதலாளி திரைக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துடைப்பக்காரர் திரையைப் பார்த்தபடி நின்றார். இரண்டு நான்கு. கை பொத்தானுக்குப் போக வேண்டும், போகவில்லை. பலூனுக்கும் தேநீர் ஆவிக்கும் தாவிப் போன கை இப்போது தொங்கிக்கொண்டே இருந்தது. இதுவும் அப்படி ஒரு வெட்டிப் பயம்தானோ? இத்தனை வருஷத்தில் அவர் பயந்த எதுவும் நடந்ததில்லையே. இப்போது அமுக்கினால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். கம்பெனி போய்விடும். கடைத்தெருவில் அக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அது இனித் திரும்பி வராது. அமுக்காவிட்டால், எந்திரத்துக்குப் பக்கத்திலேயே, இஸ்திரி போட்ட சேலையில் அக்கா நிற்கிறார். இரண்டு ஆறு. பயம் இவரிடம் வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு உண்மை சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தலாம் என்று பார்த்தார். வாயில் வார்த்தை வரவில்லை. வலது கை தானாகப் போய் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

அக்கா தற்செயலாகத் திரும்பினார். தம்பி புகைப்படத்துக்கு நிற்பது போல விறைப்பாக நிற்பான், பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். சுண்டுவிரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தார். முதலாளியின் பேச்சு நின்றது. அக்கா தம்பியின் காதருகே வந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"அமுக்குடா."

"அக்கா... கடை..."

"கடை கிடக்கட்டும். அமுக்கு."

அமுக்கினார்.

மின்சாரம் அறுந்தது. குழாய்களில் இருந்த வாயுவெல்லாம் கூரை வழியாகப் பேரிரைச்சலோடு வெளியேறியது. வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். இரைச்சல் அடங்கியபோது திரையில் இரண்டு எட்டு என்ற எண் அப்படியே நின்றிருந்தது.

வாசலில் வைத்து நரைத்த தலைக்காரர் துடைப்பக்காரரிடம் வந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஏதாவது கணக்குச் சொல்வார், காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"பயமா இருந்துச்சுங்க," என்றார் இவர்.

அவர் தலையை ஆட்டினார். எல்லாருக்கும் கை கொடுத்தார், சொல்லி அனுப்புகிறோம் என்றார். வண்டிகள் போய்விட்டன. சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன பொருள் என்று அந்தத் தொழிற்கூடத்தில் எல்லாருக்கும் பாடம். முதலாளி படிக்கட்டில் உட்கார்ந்தார். இவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் எந்திரத்தைப் பிரித்தார்கள். இன்ஜினியரம்மாவே ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை தெரியவில்லை. துடைப்பக்காரர் தன் சட்டத்தில் ஒவ்வொன்றையும் இறுக்கித் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். குமிழி வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குமிழி வராதா என்று ஏங்கினார். கடைசியில் கலப்பை அளக்கிற கருவியைத் திறந்தபோது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது. ஈரம் பட்டால் அது தப்பாகவும் காட்டும். அன்றைக்குத் தப்பாகக் காட்டியதா, சரியாகக் காட்டியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் இன்ஜினியரம்மா. பிறகு அந்த மூன்றை அழித்துவிட்டுப் பழையபடி இரண்டை எழுதினார். எந்திரம் இனி ஓடுமா என்பதே தெரியாதபோது அதை ஏன் செய்தார் என்று இவருக்குப் புரியவில்லை, ஆனால் மனத்துக்குள் அவரை வாழ்த்தினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். துடைப்பத்தைத் தொழிற்கூடத்தில் வைக்க மனம் வராமல் கையோடு கொண்டுவந்துவிட்டார். தெருவில் பார்த்தவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா முன்னறையில் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களின் கிழிந்த தலையணை உறைகள் மேசையில் கிடந்தன. வேலை ஆரம்பித்துவிட்டார் போல என்று இவர் நினைத்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டை இல்லை, குமிழி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர். ஒன்றுமே இல்லாததற்காகக்கூட இருக்கலாம், உன் கடையை அழித்துவிட்டேன் என்றார். அழுகை வந்துவிட்டது.

"எனக்கு எந்திரம் என்ன தெரியும்? உன் மூஞ்சி தெரியும்," என்றார் அக்கா. "அன்னிக்கு நீ தாங்கும்னு சொன்னப்ப கடையை வித்ததும் உன்னை நம்பித்தான். நேத்து நான் அமுக்குன்னு சொன்னதும் உன்னை நம்பித்தான்."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அடுத்ததாக என்ன சொல்வார் என்று இவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பயத்தின் முடிவிலும் கேட்ட சொல். அதைக் கேட்டால் தூங்கிவிடலாம். அக்கா சொல்லவில்லை. இவராகவே கேட்க வேண்டியதாயிற்று.

"அக்கா, நாம தாங்குவோமா?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தெரியலடா."

அது தன்னுடைய சொல் என்பது உறைக்க இவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எந்திரத்தில் ஏறிய எந்த எண்ணும் தராத நடுக்கத்தை அந்த ஒரு சொல் தந்தது. அக்காவின் மடியைப் பார்த்தார். அங்கே அக்காவின் வலது கை, இடது கைச் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்துப் பிடித்துத் தேய்ந்ததுபோல அந்த விரல் ஒரு பக்கமாக வளைந்திருந்ததை இத்தனை வருஷம் பார்த்தும் இவர் ஏன் என்று யோசித்ததில்லை. தையல்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். இந்தப் பழக்கம் தன்னோடு பிறந்தது என்றும் நினைத்திருந்தார். யாரைப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டோம் என்று இப்போதுதான் தெரிந்தது. அப்பா அம்மா போன பிறகு, இருட்டில், தையல் எந்திரத்தின் பின்னால் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற இரவுகளிலெல்லாம் அக்காவும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். பாத்துக்கலாம் என்று சொல்லிக்கொண்டே.

மேசையில் ஊசி நூல் கோக்காமலே கிடந்தது. தலையணை உறைகளில் ஒன்றுகூடத் தைத்திருக்கவில்லை. நூலைக் கோக்க முயன்று முயன்று விட்டிருக்கிறார், நூலின் முனை பிசிறு பிசிறாக இருந்தது.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவர் நாற்காலியை அக்காவின் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிசிறை வாயில் வைத்து ஈரப்படுத்தி, முறுக்கி, ஊசியின் காதில் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் விட்டுப் பார்த்தார்.